துறுதுறுப்பான பையனுக்கு வைட்டமின் டி: அழற்சி குறைந்தால் கவனம் வருமா?

வெள்ளகோவில் அம்மா
ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பையனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன ஐப்பசியில் கோயமுத்தூரில் காட்டினோம், ஏ.டி.எச்.டி. என்று சொன்னார்கள். கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த வகையாம். மெத்தில்ஃபெனிடேட் பாதி மாத்திரையில் ஆரம்பித்து, இப்போது காலையில் ஒன்று கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பரவாயில்லை என்கிறார்கள். எழுதுகிறான், பக்கத்துப் பையனோடு சண்டை குறைந்திருக்கிறது.

பொழுதோடதான் என்னால் முடியவில்லை. ஐந்தரைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு ஷூ காலில், ஒரு ஷூ கையில். ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட ஐந்து தடவை எழுந்து போவான். தட்டு திண்ணையில் இருக்கும், பையன் தண்ணித் தொட்டி மேல் நிற்பான். தூங்கப் பத்தரை ஆகிறது. வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அவர் வந்து சேரும்போது நான் அழுது முடித்திருப்பேன்.

சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். இதற்கெல்லாம் காரணம் மூளையில் இருக்கிற அழற்சி (உள்ளுக்குள் புண்ணானது போன்ற எரிச்சல், வீக்கம்), வைட்டமின் டி அழற்சியைத் தணிக்கும், வாரம் ஒரு 60,000 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் அலகு) பாக்கெட் கொடுத்தால் மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அதில் பேசுகிறார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தேன், வைட்டமின் டி 14 இருக்கிறது. டாக்டரிடம் கேட்காமல் இரண்டு ஞாயிறு பாலில் கலந்து கொடுத்துவிட்டேன். இன்று மூன்றாவது. பாக்கெட்டைக் கையில் எடுத்து, பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். மனசு வெசனமாக இருக்கிறது.

மாமியார் கேட்கிறார், "காத்தால எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் வெயிலு காயற ஊருல, புள்ளைக்கு வெயில் சத்து இல்லீன்னா நம்பற மாதிரியா இருக்குது?" எனக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோமனூர் தறிக்காரர்
ஞாயிறு, இரவு 11.25

அம்மிணி, முதலில் அழாதீங்க. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் குதிக்கிற ரகம் இல்லை, கனவு காண்கிற ரகம். கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலில் எறும்பு போவதை முக்கால் மணி நேரம் பார்ப்பாள். அவளுக்கும் இதே ஏ.டி.எச்.டி.தான்.

அவளுக்கு வைட்டமின் டி 11 இருந்தது. டாக்டர் சொல்லி மூன்று மாதம் கொடுத்தோம், 34க்கு ஏறியது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ராத்திரி "கால் வலிக்குதப்பா, அமுக்கி விடுங்க" என்று எழுப்புவாள், அது நின்றது. மாடிப்படி ஏறச் சலித்துக்கொள்வாள், அதுவும் நின்றது. கணக்கு நோட்டு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. எறும்பும் அப்படியேதான் போகிறது. கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, குழந்தையின் கால் வலி தீர்ந்ததே பெரிய விஷயம். ஆனால் அதைக் காரணமாக வைத்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் அரைப் பரீட்சையில் அவள் தவித்திருப்பாள்.

ஈரோட்டுக் குழந்தை மருத்துவர்
திங்கள், காலை 6.10

ஓ.பி.க்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிடுங்கள்.

பாக்கெட்டை வைத்துவிட்டது நல்ல காரியம். அப்படியே இருக்கட்டும். இரண்டு பாக்கெட்டால் ஒன்றும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அது ஆபத்து. வைட்டமின் டி எலும்புக்கு மட்டும் வேலை செய்வதில்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன, மூளையிலும் இருக்கின்றன. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகளை அது அடக்குவது ஆய்வகத்தில் தெரிகிறது. டோபமின், செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள்கள் தயாராகும் வழியிலும் அதற்குப் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் ஆஸ்துமா, தோல் கரப்பான் போன்ற அழற்சி நோய்கள் மற்ற குழந்தைகளைவிட அதிகம் காணப்படுகின்றன. சராசரியாக அவர்கள் ரத்தத்தில் வைட்டமின் டி சற்றுக் குறைவு என்றும் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பின்லாந்தில் ஏ.டி.எச்.டி. உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கொடுத்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். வைட்டமின் டி குறைந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இவ்வளவும் சேர்ந்து வந்தால், "அப்போது கொடுத்தால் சரியாகிவிடும்" என்று மனசு தாவுகிறது. இரண்டு விஷயம் சேர்ந்து இருப்பது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. தூக்கம் கெட்ட, சாப்பாட்டில் உட்காராத, மைதானத்தில் சண்டை வருகிறதென்று வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப்படும் குழந்தைக்கு வைட்டமின் டி குறைவதில் அதிசயம் இல்லை. அங்கே நோய்தான் குறைவை உண்டாக்குகிறது.

கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பல ஈரானில் நடந்தவை. 2018இல் வெளிவந்த ஒன்றில் ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை 62 குழந்தைகள். எல்லாருக்கும் மெத்தில்ஃபெனிடேட். பாதிப் பேருக்குக் கூடவே தினம் 2,000 ஐ.யூ. வைட்டமின் டி, மீதிப் பேருக்கு அதே போல மருந்தில்லாத போலி மாத்திரை. எட்டு வாரம். இரண்டு பக்கமும் குழந்தைகள் முன்னேறினார்கள். வித்தியாசம் தெரிந்த இடம் எது தெரியுமா? மாலை நேரத் தொந்தரவு. வைட்டமின் டி பெற்றவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது.

உங்கள் பொழுதோட நேரத்தைப் படித்ததும் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது, ஆகையால் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 62 குழந்தை என்பது ஒரு பள்ளியின் இரண்டு வகுப்பு. எட்டு வாரம் என்பது ஒரு பருவம்கூட இல்லை. அந்தக் குழந்தைகள் யாருக்கும் மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்தவில்லை. "இதைக் கொடுத்து அதை நிறுத்தலாம்" என்பதற்கு அங்கே ஆதாரமே இல்லை.

அழற்சிக்கு வருகிறேன். ரத்தத்தில் சி.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா என்று சில குறிகளை அளப்பார்கள். ஒரு சளிக் காய்ச்சல், ஒரு சொத்தைப் பல், காலில் சீழ் வைத்த முள், இது போதும் சி.ஆர்.பி. ஏறுவதற்கு. அப்படி ஒரு குறி காகிதத்தில் இறங்கியது என்பதும், குழந்தை தட்டின் முன் உட்கார்ந்தான் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு ஆம் என்று வந்தாலும் இரண்டாவதற்குத் தனியாகப் பதில் தேட வேண்டும். வீடியோ போடுகிறவர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. என்னிடம் வரும் தாய்மார்கள் நகையை அடகு வைத்துப் பவுடர் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

உங்கள் பையனுடைய 14 என்ன சொல்கிறது? 12க்குக் கீழே என்றால் குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20க்கு மேல் போதும் என்று குழந்தை மருத்துவத்தில் வைத்திருக்கிறோம். எனவே அவனுக்குப் போதவில்லை, ஈடுகட்ட வேண்டியதுதான். ஏ.டி.எச்.டி. இல்லாத குழந்தை 14ஓடு வந்தாலும் இதையே சொல்வேன். ஆரோக்கியமான குழந்தைக்கு ஒரு வயதுக்கு மேல் தினசரித் தேவை 600 ஐ.யூ. மேற்பார்வை இல்லாமல் தாண்டக் கூடாத எல்லை நான்கு முதல் எட்டு வயதுக்கு 3,000. வாரம் 60,000 என்றால் நாளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். குறைபாடு இருக்கும்போது கணக்குப் போட்டுச் சில வாரத்துக்கு நாங்களே பெரிய அளவு எழுதுவதுண்டு. எடை, வயது, கால்சியம் எல்லாம் பார்த்து, முடியும் தேதியோடுதான் எழுதுவோம்.

பொள்ளாச்சி தோப்பு
திங்கள், மதியம் 1.50

டாக்டருங்க சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவம் வேறு. என் பையனுக்கு ஒன்பது வயது. டி அளவு 9 தான் இருந்தது. மாத்திரை வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்து வைட்டமின் டி மட்டும் கொடுத்தோம், அதுவும் டாக்டர் எழுதித்தான். மூன்று மாதத்தில் ஆள் மாறிவிட்டான். இப்போது ஒரு பாடம் முழுக்க உட்காருகிறான். கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

ஈரோட்டுக் குழந்தை மருத்துவர்
திங்கள், இரவு 9.30

இல்லை என்று சொல்லவே மாட்டேனுங்க. 9 என்பது சரியான குறைபாடு. அந்த அளவில் எலும்பு வலி, தசை அசதி, தூக்கக் கெடுதி எல்லாம் வரலாம். உடம்பு வலிக்கிற குழந்தை நெளியாமல் இருக்குமா? குறைபாட்டைச் சரி செய்ததில் அந்தப் பங்கு குறைந்திருக்கும். நான் முழு மனசோடு நம்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். அந்த மூன்று மாதத்தில் வேறு என்ன மாறியது?

பொள்ளாச்சி தோப்பு
செவ்வாய், காலை 5.45

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். செல்போனைப் பிடுங்கி வைத்தோம். சாயங்காலம் தேங்காய் உரிக்கிற இடத்துக்கு என்னோடு கூட்டிப் போக ஆரம்பித்தேன், வாய்க்கால் வரைக்கும் ஓடி வருவான். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறான். அம்மிச்சி வேறு அந்த மாதம் முழுக்க எங்களோடுதான் இருந்தார்கள். இவ்வளவும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தோம். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாதுதான். வெள்ளகோவில் அம்மா, நான் சொன்னதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பையன் வேறு, என் பையன் வேறு.

நொய்யல் கரை
செவ்வாய், காலை 11.05

மாமியார் கேட்ட கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அது நல்ல கேள்வி. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோலில் வைட்டமின் டி உண்டாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் சாய்ந்து வருவதால் இந்தக் கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. இளவெயில்தான் சத்து என்று நம் ஊரில் குழந்தையைக் காலை ஆறரைக்கு வாசலில் போடுகிறோம், அதில் சூடு உண்டு, இந்தக் கதிர் இல்லை என்றே சொல்லலாம். அடையாளம் சுலபம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது தாராளமாக இறங்குகிறது. கண்ணாடி அதை விடாது, பஸ் ஜன்னலோரம் வெயில் பட்டாலும் பயனில்லை. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

இப்போது அந்தப் பையனுடைய ஒரு நாளைப் பாருங்கள். ஏழே காலுக்குப் பஸ், நிழல் நீளமாக இருக்கும் நேரம். நிழல் குட்டையாக இருக்கும்போது முழுக்க வகுப்பறை. ஐந்தரைக்கு இறங்கும்போது மறுபடி நீள நிழல். மாமியார் சிறு வயதில் நிழல் குட்டையான அந்த நேரத்தில் காட்டில் ஆடு மேய்த்திருப்பார், கடலைக்காய் பொறுக்கியிருப்பார். ஊர் அதே ஊர், வெயிலும் அதே வெயில்தான். பிள்ளை அதில் நிற்பதில்லை. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 18 சதவீதம் பேருக்கும், பத்து முதல் பத்தொன்பது வயதில் 24 சதவீதம் பேருக்கும் வைட்டமின் டி குறைபாடு. வயது ஏற ஏற, புத்தகப் பை கனக்கக் கனக்க, கூடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் அரைக் கை சட்டையோடு கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். தோல் சிவக்கும் வரை வேண்டாம். சித்திரையில் இன்னும் சுருக்கமாக.

கோபி மருந்துக்கடை
செவ்வாய், இரவு 10.15

இருபது வருடமாகக் கடையில் நிற்கிறேன். அளவுக் குழப்பத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் நான் பார்க்கும் தவறெல்லாம் அங்கேதான்.

சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 400 ஐ.யூ. உள்ளதும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. பாட்டில் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். 60,000 பாக்கெட் பவுடராக வருகிறது. அதே 60,000 ஐந்து மி.லி. குட்டி பாட்டிலாகவும் வருகிறது, அதைப் பார்த்தால் குழந்தைக்குக் கொடுக்கும் இருமல் டானிக் அளவுதான். போன வருடம் ஒரு தாத்தா பேரனுக்கு அதைத் தினம் ஒன்று வீதம் ஆறு நாள் கொடுத்துவிட்டு, ஏழாவது வாங்க வந்தார். சீட்டில் வாரம் ஒன்று என்று ஆங்கிலத்தில் கோணல் எழுத்தில் இருந்தது. சீட்டு எழுதிய இடத்தையும் விற்ற கடையையும் நான் இங்கே இழுக்கவில்லை. உடனே குழந்தையை அனுப்பி ரத்தம் பார்க்கச் சொன்னேன், நல்லவேளை தப்பித்தது.

அளவு மீறினால் கால்சியம் ஏறும். வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், கடைசியில் சிறுநீரகம். இது வைட்டமின் சி மாதிரி சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கும். அதனால்தான் சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உள்ளே போகிறது.

இன்னொன்று. வீட்டில் ஏற்கெனவே கொடுக்கிற மால்ட் பவுடர், மல்டிவைட்டமின் சிரப், கால்சியம் மாத்திரை இவற்றில் பலவற்றில் டி3, அதாவது இதே வைட்டமின் டி, இருக்கும். எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். சிலதில் மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும், ஒரு மைக்ரோகிராம் 40 ஐ.யூ.

தாராபுரம் சிறப்பாசிரியர்
புதன், மாலை 6.20

பத்து வருடமாக இப்படிப்பட்ட பிள்ளைகளோடு இருக்கிறேன். சொட்டு மருந்து பற்றி எனக்குக் கருத்தில்லை, டாக்டர் பார்த்துக்கொள்வார். அந்த மாலை நேரம் பற்றிப் பேச வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வார்த்தை "இன்னிக்கு என்ன ஹோம்வொர்க்?" என்பதுதான். பகல் முழுக்கத் தன்னைக் கட்டிப் பிடித்து வைத்திருந்த பிள்ளை அது. முதல் அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "ஷூவைக் கழட்டி, கை கால் கழுவி, டிபன் பாக்ஸ் எடுத்து வை" என்றால் அவன் காதில் விழுவது ஷூ மட்டும். ஷூ கழட்டினதும் பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, அடுத்ததைச் சொல்லுங்கள். செய்ததும் அந்த நிமிடமே பாராட்டுங்கள், ராத்திரி அப்பா வந்த பிறகு சொன்னால் அவனுக்கு எது என்றே தெரியாது. பெற்றோருக்கான இந்தப் பயிற்சியும் வைத்தியத்தில் ஒரு பாதி. சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் தொடங்கச் சொல்கிறார்கள்.

செலவு நினைத்துத் தயங்குகிறவர்கள் கவனியுங்கள். அரசின் பள்ளிச் சிறார் பரிசோதனைத் திட்டத்தில், ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள், ஏ.டி.எச்.டி.யும் உண்டு. பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை. வேன் அரசுப் பள்ளிக்கு வரும்போது ஆசிரியரிடம் முன்பே பெயர் கொடுத்துவைத்தால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள்.

வெள்ளகோவில் அம்மா
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.50

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பழைய டாக்டரிடமே போனேன். இரண்டு பாக்கெட் கொடுத்ததைச் சொல்லப் பயந்துகொண்டேதான் சொன்னேன். திட்டவில்லை. கால்சியம் பார்த்தார், சரியாக இருக்கிறது. பாக்கெட் வேண்டாம், தினம் சொட்டு மருந்து, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் என்று எழுதினார். இரும்புச்சத்துச் சேமிப்பும் பார்க்கச் சொன்னார், ஃபெரிட்டின் என்று. அதுவும் குறைவாம், சிரப் கொடுத்திருக்கிறார். காலை மாத்திரை அப்படியே தொடர்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், அதை இத்தனை மாதத்தில் நான் யோசிக்கவே இல்லை. "மத்தியானச் சோறு சாப்பிடறானாம்மா?" டிபன் பாக்ஸ் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும், நான் அதைக் கோழிக்குப் போட்டுவிடுவேன். மாத்திரை பசியை அடக்குமாம். அதன் வேகம் இறங்கிய பிறகு, காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாத வயிறும் சேர்ந்து அவனை ஆட்டி வைக்கிறது என்றார்.

இப்போது மாத்திரைக்கு முன்பே முட்டை தோசை இரண்டு. பஸ் நிற்கிற இடத்துக்கு மாமியார் தூக்குப் போசியில் கம்மங்கூழ் எடுத்துப் போகிறார், வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே குடித்துவிடுகிறான். பிறகு ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு இருவரும் களத்துமேட்டைச் சுற்றி வருகிறார்கள். ஹோம்வொர்க் பேச்சு ஆறரைக்கு மேல்தான். நேற்று இட்லிக்கு மூன்று தடவை எழுந்தான். தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தான்.

கோபி அண்ணா, உங்களிடம் ஒன்று. சீட்டில் ஒரு மி.லி. என்று இருக்கிறது. பாட்டிலில் 800 என்று போட்டிருக்கிறது. சரிதானா?

கோபி மருந்துக்கடை
சனி, இரவு 10.05

சீட்டில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கம்மா. 800 என்று இருந்தால் சரி. எண்ணே இல்லையென்றால் காலையில் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், ஒரு நாள் தள்ளிப் போவதால் ஒன்றும் கெடாது.

வெள்ளகோவில் அம்மா
சனி, இரவு 10.12

800 என்றே எழுதியிருக்கிறதுங்க, அண்ணா. மால்ட் டப்பாவையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் டி3 இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டு போய்க் காட்டுகிறேன்.